சின்ன சமையலறை, 25 விருந்தாளிகள்: கிறிஸ்துமஸ் வேலையை எங்கிருந்து தொடங்குவது?

கொளத்தூர் மாடிவீடு | நவம்பர் 27

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை எங்கள் குடும்பத்தின் கிறிஸ்துமஸ் சாப்பாடு மாமியார் வீட்டில்தான் நடந்தது. அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருப்பதால் இந்த வருஷம் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறோம். பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாம் சேர்த்து 25 பேர். சமையலறை 8-க்கு 7 அடி. மூன்று பர்னர் அடுப்பு, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு ஓடிஜி (கேக் சுடும் சின்ன மின்சார ஓவன்).

பிளம் கேக், கல்கல், அச்சு முறுக்கு மூன்றையும் வீட்டிலேயே செய்ய ஆசை. மதியத்துக்குப் பிரியாணி. இது போக எங்கள் அடுக்குமாடியில் மற்ற வீடுகளுக்கெல்லாம் பலகாரத் தட்டு கொடுக்க வேண்டும். அதில் நான்கு வீடுகள் சுத்த சைவம், இரண்டு முஸ்லிம் குடும்பங்கள். 24 இரவுப் பூசையில் பாடகர் குழுவில் பாடுகிறேன், அதை விட மனமில்லை. ஆபீஸ் லீவும் 24-ம் தேதியிலிருந்துதான். எதை எப்போது செய்வது? எதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்?

பெரம்பூர் ஆன்ட்டி | நவம்பர் 27

பாட்டை விடாதே மகளே. மற்ற எல்லாவற்றையும் அந்தப் பாட்டை வைத்தே முடிவு செய். 24 சாயங்காலம் 5 மணிக்கு உன் வீட்டு அடுப்பு அணைந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு குளித்து, புதுத்துணி உடுத்தி, பூசைக்குப் போவது மட்டும்தான் வேலை. இதை முதலில் காலண்டரில் எழுதி வை. அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வந்தால் எது எந்த நாளில் விழும் என்பது தானாகத் தெரியும்.

என்னைக் கேட்டால் இப்படிச் செய்வேன். இந்த வாரமே பழங்களை ஊறப் போடு. டிசம்பர் முதல் வாரத்தில் சாமான் எல்லாம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். 14, 15 வாக்கில் கேக். 17-லிருந்து 20-க்குள் எண்ணெய் வேலை முழுவதும். 21, 22-ல் சமையலறையைக் கழுவித் துடைத்து ஃபிரிட்ஜைக் காலி செய். 23 மாலை தட்டுகளை அடுக்கி அன்று இரவும் மறுநாள் காலையும் கொடுத்துவிடு. 24-ல் வெங்காயம் நறுக்குவது, மசாலா அரைப்பது, இறைச்சி வாங்கி ஊற வைப்பது. 25 காலையில் மறுபடியும் அடுப்பு.

நம் ஊரில் பல வீடுகளில் 24 ராத்திரி 10 மணி வரை கல்கல் பொரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வீட்டு அம்மா பூசையில் நின்றுகொண்டே தூங்குவாள். பிரசங்கம் காதில் விழாது, பாட்டு வாயில் வராது. கிறிஸ்து பிறப்பை வீட்டில் எல்லோரும் கொண்டாடி, அடுப்படியில் நின்றவள் மட்டும் கொண்டாடாமல் போவது எனக்குத் தாங்காது. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கல்கல்லை மட்டும் கடையில் வாங்காதே. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

அண்ணாநகர் அப்பா | நவம்பர் 27

எனக்கு வேறு கருத்து. வேலைக்குப் போகும் பெண் மூன்று பலகாரமும் செய்து, 25 பேருக்குச் சமைத்து, பாட்டும் பாட வேண்டுமா? சென்னையில் இல்லாத கேக் கடையா? டிசம்பரில் தெருவுக்குத் தெரு பிளம் கேக் கிடைக்கிறது. பலகாரமும் கிலோ கணக்கில் வாங்கலாம். கேக்கும் பலகாரமும் கடையில், பிரியாணி ஆர்டர். வீட்டைச் சுத்தம் செய்து குடில் கட்டினால் போதும். வருகிறவர்கள் உங்களைப் பார்க்கத்தானே வருகிறார்கள்.

பெரம்பூர் ஆன்ட்டி | நவம்பர் 28

தம்பி, பாதி உன் கட்சிதான் நானும். முறுக்கு, மிக்சர் எல்லாம் வாங்கட்டும். பிரியாணியும் ஆர்டர் கொடுக்கட்டும், அதில் குறை ஒன்றும் இல்லை. கல்கல் அப்படி இல்லை. அது ஒருத்தி செய்யும் பலகாரம் இல்லை. மாவைப் பிசைந்து நடுவில் வைத்தால் வீடே சுற்றி உட்காரும். நாலு வயசுப் பிள்ளையும் உருட்டும், எண்பது வயசுப் பாட்டியும் உருட்டும். முழங்கால் ஆபரேஷன் ஆன மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தபடி முள்கரண்டியில் சுருட்டலாம். இத்தனை வருஷம் எல்லோருக்கும் சமைத்துப் போட்டவர் இந்த வருஷம் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்? அவருக்கும் ஒரு வேலை வேண்டும். அதற்காகவாவது கல்கல் வீட்டில் நடக்கட்டும்.

அளவு சொல்கிறேன். 1 கிலோ மைதா, 250 கிராம் பொடித்த சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். 3 முட்டை. பிசைய எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு கெட்டித் தேங்காய்ப்பால். வெண்ணெயை மைதாவில் விரல் நுனியால் நன்றாகத் தேய்த்துவிட்டு அப்புறம்தான் முட்டையும் பாலும் சேர்க்க வேண்டும். சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வை. சின்னச் சின்ன உருண்டையாக்கி, முள்கரண்டியின் பின்பக்கத்தில் வைத்து அழுத்திச் சுருட்ட வேண்டும். புதுச் சீப்பிலும் செய்யலாம். ஓரம் நன்றாக ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் விரிந்துவிடும்.

தீ மிதமாக இருக்கட்டும். தீ கூடினால் வெளியே சிவந்து உள்ளே மாவாக நிற்கும். அந்த ஈரம்தான் நாலு நாளில் கல்கல்லை நமுக்க வைக்கும். பொரித்து எடுத்ததும் டப்பாவில் போடாதே. பேப்பர் விரித்த தட்டில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகுதான் மூட வேண்டும்.

கேக் தம்பி, வில்லிவாக்கம் | நவம்பர் 28

கேக் பற்றி நான் சொல்கிறேன் அக்கா. டிசம்பரில் வீட்டிலிருந்து ஆர்டர் எடுத்துச் செய்கிறேன்.

பழம்: கருப்பு திராட்சை, கிஸ்மிஸ், பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் மிட்டாய், கொஞ்சம் இஞ்சி முரப்பா. டூட்டி ஃப்ரூட்டியும் சிவப்பு செர்ரியும் அளவாகப் போடுங்கள். டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காய், கடையில் செர்ரி என்று விற்பதில் பெரும்பாலும் களாக்காய். இரண்டிலும் சர்க்கரையும் நிறமும்தான் அதிகம். பழத்தின் ருசி கருப்பு திராட்சையிலிருந்தும் பேரீச்சையிலிருந்தும்தான் வரும். கொத்தவால் சாவடிப் பக்கம் மளிகை மொத்தக் கடைகளில் முந்திரியும் திராட்சையும் நம் ஏரியாவை விட மலிவு. போவதானால் டிசம்பர் பாதிக்கு முன்னால், காலையிலேயே போய்விடுங்கள்.

500 கிராம் பழத்துக்கு 250 கிராம் மைதா, 250 கிராம் வெண்ணெய், 250 கிராம் பொடித்த சர்க்கரை, 5 முட்டை, 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய்ப் பொடி. இரண்டு 7 அங்குல டின் வரும். உப்பில்லாத ஆவின் சமையல் வெண்ணெய் நன்றாக இருக்கும். வெண்ணெயும் முட்டையும் ஃபிரிட்ஜிலிருந்து முன்கூட்டியே வெளியே வந்திருக்க வேண்டும். குளிர்ந்த முட்டையை வெண்ணெயில் ஊற்றினால் கலவை திரிந்துபோகும்.

கருப்பு நிறத்துக்குக் கலர் வேண்டாம். 100 கிராம் சர்க்கரையை அடிகனமான பாத்திரத்தில் கரிய விடாமல் அடர்ந்த பழுப்பு வரும் வரை உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, 100 மில்லி வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பொங்கித் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள், பிள்ளைகள் அப்போது சமையலறையில் இருக்கக் கூடாது. ஆறியதும் கலவையில் சேர்க்கலாம்.

பழத்தை வடித்து 2 ஸ்பூன் மைதாவில் புரட்டிப் போட்டால் அடியில் தங்காது. 150 டிகிரியில் ஒரு மணி நேரம் முதல் ஒன்றேகால் மணி நேரம். மேலே சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள்.

முக்கியமான ஒன்று, உங்கள் ஓடிஜி 2,000 வாட் என்றால் அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி மாட்டும் 6 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போட்டு ஓட்டாதீர்கள். 16 ஆம்பியர் பாயின்ட்டில் மட்டும். அதே நேரம் கீசர் ஓட வேண்டாம்.

கொளத்தூர் மாடிவீடு | நவம்பர் 28

நன்றி தம்பி. ஆன்ட்டி, மாமியாரிடம் கல்கல் பற்றிச் சொன்னேன். பழைய முள்கரண்டியை எடுத்து வை என்று இப்போதே சொல்லிவிட்டார். பழத்தை ரம்மில் ஊற வைப்பதா, ஜூஸிலா? முஸ்லிம் வீடுகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பதால் கேட்கிறேன்.

மண்ணடி மருமகள் | நவம்பர் 28

உங்களைப் போல் முன்கூட்டியே யோசிக்கிறவர்களைப் பார்த்தால் மனசு நிறைகிறது. ரம் சேர்த்தது என்றால் நாங்கள் சாப்பிட மாட்டோம். சூட்டில் ஆவியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், அதுவும் எங்களுக்குச் சரிவராது. வேறு பாத்திரம் வைத்து எங்களுக்கென்று தனி கேக் செய்ய வேண்டியதில்லை. கல்கல்லும் வாழைப்பழமும் வைத்துக் கொடுத்தாலே சந்தோஷம். எல்லோருக்கும் ஒரே கேக்தான் என்றால் ஜூஸில் செய்யுங்கள்.

பன்னீர் திராட்சையை வேக வைத்துப் பிழிந்த சாறு நல்ல நிறம் கொடுக்கும். கம்பம் பக்கத்துத் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான்.

கேக் தம்பி, வில்லிவாக்கம் | நவம்பர் 28

ஜூஸில் செய்தால் இப்போதே ஊறப் போடாதீர்கள். ரம்மில் ஊறும் பழம் கண்ணாடி ஜாடியில் வெளியிலேயே வாரக்கணக்கில் இருக்கும். ஜூஸில் ஊறும் பழம் நம் ஊர்ச் சூட்டில் இரண்டு நாளில் நுரைத்துப் புளிக்கும். பழத்தையும் திராட்சைச் சாற்றையும் சேர்த்து மிதமான தீயில் சாறு வற்றும் வரை சூடாக்கி, ஆற வைத்து, ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்து, மறுநாளே கேக் போட்டுவிடலாம். ஜூஸ் கேக் ரம் கேக் அளவுக்கு நாள் தாங்காது. ஆகவே 15-க்குப் பதில் 21-ல் செய்யுங்கள். வெண்ணெய்த் தாளில் சுற்றி, அதன் மேல் அலுமினியத் தாள் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பெரம்பூர் ஆன்ட்டி | நவம்பர் 28

சரி, கேக்கை மட்டும் 21-க்குத் தள்ளு. 21 சாயங்காலம் கேக் ஓவனில் இருக்கும்போது நீ ஃபிரிட்ஜைத் துடைக்கலாம்.

முன்பெல்லாம் எங்கள் ரயில்வே குடியிருப்பில் எல்லார் வீட்டிலும் ஓவன் இருக்காது. வெண்ணெய், முட்டை, பழம் எல்லாம் பையில் கட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போவோம். அங்கேயே கலந்து, டின்களில் ஊற்றி, விறகு அடுப்பில் வேக வைத்துக் கொடுப்பார்கள். எந்த டின் யாருடையது என்று பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். வரிசையில் நிற்கும்போதே பாதி கிறிஸ்துமஸ் விசாரிப்பு முடிந்துவிடும்.

மார்த்தாண்டத்துப் பொண்ணு | நவம்பர் 29

முந்திரிக்கொத்து இல்லாத கிறிஸ்துமஸ் பட்டியலா? எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது இல்லாமல் தட்டே கிடையாது. இப்போது வேளச்சேரியில் இருந்தாலும் நான் விடுவதில்லை. அக்கா, உங்கள் கணக்குக்கு இதுதான் மிகப் பொருத்தம். முட்டை கிடையாது, அதனால் சைவ வீடுகளுக்குக் கொடுக்கலாம். இரண்டு வாரம் வரை கெடாது, அதனால் முதலில் செய்து முடிக்கலாம். ஓடிஜியும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம்.

அரை கிலோ பச்சைப்பயறை வாசனை வரும் வரை வறுத்து, தோல் நீக்கி, கொஞ்சம் கொரகொரப்பாகத் திரிக்க வேண்டும். ஒரு தேங்காயைத் துருவி ஈரமே இல்லாமல் பொன்னிறமாக வறுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் ஒரு வாரத்தில் சிக்கு வாடை வந்துவிடும். 50 கிராம் எள், ஏலக்காய், சுக்கு. 400 கிராம் வெல்லத்தைப் பாகு வைத்து எல்லாவற்றையும் கலந்து, சூடு இருக்கும்போதே சின்ன உருண்டை பிடித்துவிட வேண்டும். மறுநாள் அந்த உருண்டைகள் இறுகிய பிறகு, பச்சரிசி மாவு, கொஞ்சம் மைதா, மஞ்சள்தூள், உப்பு கரைத்த மாவில் மூன்று மூன்றாக முக்கி எண்ணெயில் போட்டால் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெயில் பொரிப்போம். சென்னைக்காரர்களுக்கு அந்த மணம் பழக்கமில்லை என்றால் கடலை எண்ணெய் போதும்.

பெரம்பூர் ஆன்ட்டி | நவம்பர் 29

இந்தப் பெண் சொல்வதைக் கேள். இது நாள் தாங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேங்காய் எண்ணெய்க்கு நான் வரமாட்டேன்.

மயிலாப்பூர் மாமி | நவம்பர் 30

சைவ வீட்டிலிருந்து ஒருத்தி பேசட்டுமா? எங்கள் பக்கத்து வீட்டம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்களுக்கென்று முட்டையில்லாத அச்சு முறுக்கும் சீடையும் கொடுப்பார். அவர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது எண்ணெய் ஊற்றியதும் முட்டை சேராதவற்றை எல்லாம் முதலில் பொரித்து, தனி டப்பாவில் போட்டு, மூடி மேல் பெயர் ஒட்டிவிடுவார். அதன் பிறகுதான் முட்டை சேர்ந்த மாவு அந்த எண்ணெயில் இறங்கும். ஜல்லிக்கரண்டியும் வேறு. இதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நானாகக் கேட்டதே இல்லை. அந்தத் தட்டை நாங்கள் ஒரு யோசனையும் இல்லாமல் சாப்பிடுவோம்.

முட்டையில்லாத அச்சு முறுக்கு வேண்டுமானால் பச்சரிசி மாவு 2 கப்புக்கு மைதா அரை கப்புக்குப் பதில் முக்கால் கப் போடுங்கள், பிடிமானம் வரும். சர்க்கரை முக்கால் கப், தேங்காய்ப்பால் ஒன்றரை கப், எள், உப்பு. மாவு தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். உங்கள் வீடுகளில் ஜெயின் குடும்பம் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்குப் பழமும் முந்திரியும் வைத்துக் கொடுப்பது நல்லது.

கொளத்தூர் மாடிவீடு | நவம்பர் 30

மாமி, இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் வரிசை: முந்திரிக்கொத்து, முட்டையில்லாத அச்சு முறுக்கு, கடைசியில் முட்டை போட்ட கல்கல். சரிதானே?

மயிலாப்பூர் மாமி | நவம்பர் 30

சரிதான். கல்கல் மாவையும் தேங்காய்ப்பாலில் மட்டும் பிசைந்தால் முட்டை பேச்சே வேண்டாம். எல்லா வீட்டுக்கும் ஒரே தட்டு போகும்.

பெரம்பூர் ஆன்ட்டி | நவம்பர் 30

அப்படியும் நன்றாகவே வரும். வெண்ணெயை 150 கிராம் ஆக்கிக்கொள்.

லாஃப்ட் அக்கா, அம்பத்தூர் | டிசம்பர் 1

பலகாரம் எல்லாம் பேசிவிட்டீர்கள், சமையலறையை யாரும் பார்க்கவில்லை. 8-க்கு 7 அடியில் 25 பேருக்கு என்றால் இடம்தான் முதல் பிரச்சினை.

இந்த வாரமே ஒரு மாலை நேரம் ஒதுக்கி, மேடையில் தினமும் தொடாத எல்லாவற்றையும் பரணுக்கு ஏற்றுங்கள். வெறும் மேடை இருந்தால்தான் அச்சு முறுக்குத் தட்டு வைக்க முடியும். எண்ணெய் வேலைக்கு முன்னால் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிக் கழுவுங்கள், பிசுக்கோடு இருந்தால் புகை வெளியே போகாது. சின்க் அடியில் உள்ள குழாயை இப்போதே பாருங்கள். 25 பேர் சாப்பிட்ட தட்டு கழுவும்போது அடைத்துக்கொண்டால் கிறிஸ்துமஸ் அன்று பிளம்பர் கிடைக்க மாட்டார்.

சிலிண்டர்: இரண்டாவது சிலிண்டர் நிரம்பி வீட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே பதிவு செய்யுங்கள். ரெகுலேட்டர் ரப்பர் டியூப்பில் தேதி இருக்கும், காலாவதி ஆகியிருந்தால் மாற்றுங்கள்.

பலகார டப்பாவை அடுப்புப் பக்கம், சின்க் பக்கம் வைக்காதீர்கள். படுக்கையறை அலமாரிதான் சரி. எறும்புக்கு, பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் டப்பாவை வைப்பது இன்றும் நம்பிக்கையான வழி.

ஃபிரிட்ஜில் 22-ம் தேதி ஒரு தட்டு முழுவதும் காலியாக இருக்க வேண்டும். ஊற வைத்த இறைச்சி, தயிர், கேக் மூன்றும் அங்கே வரும். பச்சை இறைச்சி எப்போதும் கீழ்த்தட்டில், மூடிய பாத்திரத்தில். மேலே வைத்தால் சாறு கேக்கின் மேல் சொட்டும்.

வேளச்சேரி வெள்ளம் பார்த்தவன் | டிசம்பர் 2

மழையை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே. வர்தா புயல் டிசம்பர் 12-ம் தேதி, 2016. மிக்ஜாம் 2023 டிசம்பர் முதல் வாரத்தில். நம் ஊரில் கிறிஸ்துமஸ் சாமான் வாங்கும் நேரமும் புயல் நேரமும் ஒன்றுதான். கொளத்தூரில் தண்ணீர் நிற்கும் தெருக்களை உங்களுக்கே தெரியும். மைதா, சர்க்கரை, எண்ணெய், வெல்லம், முந்திரி எல்லாம் வானம் வெளுத்திருக்கும் நாளில் வாங்கி, தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். முட்டை மட்டும் கடைசியில், டிசம்பரில் அதன் விலை ஏறத்தான் செய்யும்.

கரண்ட் போனால் ஃபிரீசர் நிரம்பி இருந்து கதவைத் திறக்காமல் வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு நாள் குளிர் நிற்கும். பாதி நிரம்பியிருந்தால் ஒரு நாள். ஆனால் கீழே உள்ள ஃபிரிட்ஜ் பகுதி 4 மணி நேரம்தான் தாங்கும். ஃபிரீசரில் காலி இடம் இருந்தால் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வையுங்கள்.

மழை நாளில் பலகாரம் பொரிக்க வேண்டாம். காற்றில் ஈரம் இருக்கும்போது ஆற வைப்பதற்குள் நமுத்துவிடும். வேறு வழி இல்லையென்றால் மின்விசிறிக் காற்றில் ஆற வைத்து, மூடிய அறையில் உடனே டப்பாவில் போடுங்கள்.

கொளத்தூர் மாடிவீடு | டிசம்பர் 9

சாமான் எல்லாம் வந்துவிட்டது. சிலிண்டரும் வந்தது. இப்போது 25 மதியம் பற்றி. மட்டன் பிரியாணி வீட்டில் செய்வதா, ஆர்டரா? எவ்வளவு சொல்ல வேண்டும்? வைன் கேட்டு மாமா ஒருவர் இப்போதே ஃபோன் செய்துவிட்டார்.

மண்ணடி மருமகள் | டிசம்பர் 9

மூன்று பர்னர் அடுப்பில் 25 பேருக்குத் தம் போட வேண்டாம் அக்கா. உங்கள் பக்கத்திலேயே தேக்சாவில் (பெரிய பிரியாணிப் பாத்திரத்தில்) போட்டுக் கொடுக்கும் பாய் மாஸ்டர் இருப்பார். பிள்ளைகள் இருப்பதால் இரண்டரை கிலோ அரிசி அளவு போதும். கிலோ என்று சொன்னால் அரிசிக் கணக்கு, கறி எவ்வளவு என்று தனியாகக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றேகால் கிலோ கறி என்றால் தாராளம். சீரக சம்பாவா, பாஸ்மதியா என்பதையும் இப்போதே சொல்லுங்கள். 25-ம் தேதி அவர்களுக்குப் பெரிய நாள், 15-க்குள் முன்பணம் கொடுத்துவிட வேண்டும். கத்திரிக்காய்த் தொக்கும் பிரெட் அல்வாவும் சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம். 12.30-க்கு வர வேண்டும் என்று சொல்லுங்கள். 1 மணி என்றால் 2 ஆகும்.

பெரம்பூர் ஆன்ட்டி | டிசம்பர் 9

என் வீட்டில் தேங்காய்ப்பாலில் மஞ்சள் சோறும் கொத்துக்கறி உருண்டைக் குழம்பும்தான், என் பிள்ளைகள் பிரியாணியைத் தொட மாட்டார்கள். ஆனால் உனக்கு ஆர்டர்தான் சரி. மிச்சமாகும் நேரத்தில் ஒரு கோழி வறுவல், ஒரு தயிர்ப் பச்சடி, சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் காய்கறி புலாவ் என்று வீட்டில் செய். வீட்டுக் கைமணம் மேசையில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

மாமாவிடம் இஞ்சி வைன் என்று சொல். திராட்சை வைன் வீட்டில் காய்ச்சி ஊற வைப்பது லைசென்ஸ் இல்லாமல் செய்யக்கூடாதது, தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-லிருந்து இருக்கிறது. இஞ்சி வைனில் போதை எதுவும் இல்லை, பிள்ளைகளும் குடிக்கலாம், பாடுகிற தொண்டைக்கும் நல்லது. 100 கிராம் இஞ்சியைத் தட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் பட்டை, நாலு கிராம்பு, இரண்டு காய்ந்த மிளகாயோடு அரை மணி நேரம் கொதிக்க விடு. வடிகட்டி முக்கால் கிலோ சர்க்கரை சேர்த்து மறுபடியும் ஒரு கொதி. ஆறிய பிறகு மூன்று எலுமிச்சைச் சாறு, நிறத்துக்குக் கொஞ்சம் கேரமல். பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வை. கொடுக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் கலந்து கொடு.

லாஃப்ட் அக்கா, அம்பத்தூர் | டிசம்பர் 10

சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் பேச உட்கார்ந்துவிடுவார்கள், பிரியாணி மேசையிலேயே 4 மணி வரை இருக்கும். சமைத்த கறிச்சோறு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. பந்தி முடிந்ததும் மிச்சத்தைச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள், அல்லது போகிறவர்கள் கையில் கட்டிக் கொடுத்துவிடுங்கள். இதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். உங்கள் பொறுப்பில் வேண்டாம்.

அண்ணாநகர் அப்பா | டிசம்பர் 10

அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருக்கு. எண்ணெய்ச் சட்டி பொறுப்பும் அவருக்கே. கல்கல் பொரிப்பதற்குப் பெரிய கைப்பக்குவம் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும். நான் எங்கள் வீட்டில் அதைத்தான் செய்கிறேன். பெண்கள் சுருட்ட, ஆண்கள் பொரிக்க என்று பிரித்துக்கொண்டால் ஒரே மாலையில் 2 கிலோ மாவு முடியும். கடையில் வாங்கலாம் என்றுதான் நான் ஆரம்பித்தேன். ஆன்ட்டி மாமியாரைப் பற்றிச் சொன்னதற்குப் பிறகு கல்கல் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று நானும் சொல்கிறேன்.

கொளத்தூர் மாடிவீடு | டிசம்பர் 18

அவசரம். முந்திரிக்கொத்து நேற்றே முடிந்தது, அருமையாக வந்தது. இப்போது அச்சு முறுக்கு. அச்சை முந்தாநாளிலிருந்து அரிசி கழுவிய தண்ணீரில் ஊற வைத்து, நேற்று இரவு எண்ணெயில் போட்டு வைத்தேன். ஆனாலும் மாவு அச்சை விட்டு விழவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, யாராவது இருக்கிறீர்களா?

மார்த்தாண்டத்துப் பொண்ணு | டிசம்பர் 18

இருக்கிறேன் அக்கா. மாவில் ஏதாவது சேர்க்கும் முன் அச்சைப் பாருங்கள். எண்ணெய் காயும்போதே அச்சும் உள்ளேயே கிடந்து சூடாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் மாவில் முக்கும்போது 'சுர்' என்று சத்தம் வரணும். சத்தம் இல்லையென்றால் சூடு போதவில்லை.

பெரம்பூர் ஆன்ட்டி | டிசம்பர் 18

முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். மாவு அச்சின் மேல் விளிம்பைத் தாண்டினால் மூடிக்கொள்ளும், எவ்வளவு ஆட்டினாலும் வராது. ஒட்டிய மாவை ஈர்க்குச்சியால் சுத்தமாக எடுத்துவிட்டு, அச்சை எண்ணெயில் நன்றாகக் காய விட்டு மறுபடி செய். எண்ணெயில் வைத்ததும் ஆட்டாதே. பத்து எண்ணு, ஓரம் வெந்து விலகத் தொடங்கும், அப்போது லேசாகத் தட்டு. அப்படியும் வரவில்லையென்றால் சர்க்கரை கூடியிருக்கிறது, 2 ஸ்பூன் அரிசி மாவு சேர்.

கொளத்தூர் மாடிவீடு | டிசம்பர் 18

விழுகிறது ஆன்ட்டி! விளிம்பு வரை முக்கியதுதான் காரணம் போல. அடுத்தடுத்து நாலும் தனியாகக் கழன்று விழுந்தன. அவர் சட்டிப் பக்கம் நிற்கிறார், மாமியார் டப்பாவில் பெயர் ஒட்டுகிறார். மீதி மாவை முடித்துவிட்டு வருகிறேன். கல்கல் நாளைக்கு.